குகைக்காரரும் தேசிக்காயும்

காடு என்றால் அப்பாவுக்கு வன்னிதான். பாலையும் முதிரையும் நிற்க வேண்டும், யானை வரவேண்டும், கையில் கத்தி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. சிட்னிக்கு வந்த பிறகு, இங்குள்ளவர்கள் ‘புஷ்’ என்று கொண்டாடும் யூக்கலிப்டஸ் காட்டை அவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நிழல் தராத மரமும் ஒரு மரமோ என்பார். அவரோடு வேலை செய்த ஒருவர் குகைகளுக்குள் இறங்குகிற சங்கம் ஒன்றில் இருந்தார். சனி ஞாயிறு கோல்பர்ன் பக்கம் ஒரு காட்டுத் துண்டைத் துப்புரவாக்கப் போகிறோம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவர் கேட்டதற்கு அப்பா ஏன் தலையாட்டினார் என்பது எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. அம்மா ஒரு பெட்டி நிறைய மீன் கட்லட் பொரித்துத் தந்தா. அப்பா கத்தியை எடுத்து வைத்தார்.

1991 ஆக இருக்கவேண்டும். எனக்குப் பத்து வயது. ‘கிளீன் அப் அவுஸ்திரேலியா’ தொடங்கியது அதற்கு முந்தின வருடம். தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றிய இயன் கீர்னன், சர்காசோ கடலில் மிதந்த குப்பையைக் கண்டு மனம் பொறுக்காமல், 1989இல் சிட்னித் துறைமுகத்தைத் துப்புரவாக்க ஆள் கூப்பிட்டார். 40,000 பேர் வந்தார்கள். அந்த வேகத்தில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் ஆளுக்கொரு பை தந்திருந்தார்கள். ஐஸ்கிரீம் குச்சியும் சிப்ஸ் கடதாசியும் பொறுக்கினோம். குப்பை என்றால் அவ்வளவுதான் என்ற எண்ணத்தோடுதான் நான் காரில் ஏறினேன்.

நாங்கள் போனது கோல்பர்னுக்குப் பக்கத்தில் இருக்கும் பங்கோனியா. அந்தப் பக்கத்து நிலம் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் கல்லைக் கரைத்துக் கரைத்து, நிலம் அங்கங்கே புனல் மாதிரி உள்வாங்கிக் கிடக்கும். அடியில் ஒரு ஓட்டை. அதற்குக் கீழே குகை. செம்மறிப் பண்ணைக்காரருக்கு இது கடவுளாகத் தந்த குப்பைக்கிடங்கு. எவ்வளவு கொட்டினாலும் நிறையாது, வீட்டிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. நாங்கள் போன பள்ளத்தில் மூன்று தலைமுறைக் குப்பை கிடந்தது. மேலே பிளாஸ்ரிக், உரப்பைகள், கார் பற்றரி, டயர். அதற்குக் கீழே சுருள் சுருளாகத் துருப்பிடித்த முட்கம்பி, செம்மறிக்கு மருந்து கலந்த தகரப் பீப்பாய்கள், கதவில்லாத ஒரு மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டி. இன்னும் கீழே கண்ணாடிப் போத்தல்கள். எல்லாவற்றுக்கும் இடையில் செம்மறி எலும்பு. தோண்டத் தோண்ட அந்தக் குடும்பம் என்ன குடித்தது, எந்த வருத்தத்துக்கு என்ன மருந்து எடுத்தது என்பதெல்லாம் பின்னோக்கி வெளியே வந்தது. பழைய மருந்துப் போத்தல்களைத் தனியாக எடுத்து வைப்பது பிள்ளைகளின் வேலை. தகரத்தைத் தொட முதல் தடியால் தட்டவேண்டும், சிவப்பு முதுகுச் சிலந்தி உள்ளே இருக்கும். இருந்தது.

ஓட்டைக்குள் முதலில் இறங்கியவர் கையில் ஒரு மெழுகுதிரி. அது ஏன் என்று நான் கேட்க முதலே அப்பா சொன்னார்: “காத்துப் பாக்கினம், பிள்ளை. எங்கட ஊரில பாழ்கிணத்துக்க இறங்க முதல் விளக்கை இறக்கிப் பாக்கிறேல்லையே, அதுதான்.” இலையும் செத்த ஆடும் அழுகினால் காபனீரொட்சைட்டு பள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும், பங்கோனியாக் குகைகள் கெட்ட காற்றுக்கே பேர்போனவை. அன்றைக்குத் திரி நின்று எரிந்தது.

அதற்குப் பிறகு அப்பா வேறு ஆளாகிவிட்டார். முக்காலி நட்டு, கப்பி பூட்டி, கயிற்றில் வாளி வாளியாகக் குப்பையை மேலே எடுக்க வேண்டும். கிணறு இறைத்துச் சேறு எடுக்கிற வேலை என்றால் அவருக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. சாரத்தை மடித்துக் கட்டுகிற பழக்கத்தில் காற்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு கயிற்றுப் பக்கம் போய் நின்றார். தலைக்கவசம் போட்ட, எத்தனையோ ஆழக் குகைகள் கண்ட மனிதர்களை, எங்கே நிற்கவேண்டும் எங்கே நிற்கக்கூடாது என்று கைகாட்டி நகர்த்தினார். “வாளிக்கு நேர கீழ நிக்கப்படாது, இஞ்சால வா” என்று அவர் எனக்குச் சொன்ன தமிழுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெடியனும் சேர்ந்து விலகினான்.

இரவு நெருப்பைச் சுற்றி இருந்தபோது, புவியியல் படித்த ஒரு பெண் எங்களைப் போன்ற சின்னவர்களுக்காகச் சொன்னா: சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணீர் வடிகட்டப்படுவதில்லை, குழாயில் ஓடுவது மாதிரி ஓடிவிடும். மண்ணுக்குள் மறைகிற ஓடையில் புளோரசீன் என்ற சாயத்தைப் போட்டால், எங்கோ தள்ளியிருக்கிற ஊற்று பளிச்சென்ற பச்சையாக ஓடும். மேலே இருக்கிற பள்ளத்துக்கும் கீழே இருக்கிற ஊற்றுக்கும் தொடுப்பு இருக்கிறதென்று அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம்.

அப்பா கட்லட் பெட்டியைக் கீழே வைத்தார். எங்கள் ஊரில் அது தேசிக்காய் என்றார். சாம்பலில் தடியால் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கீறினார். புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணறு, மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அதற்குள் ஒரு தேசிக்காயைப் போட்டால் அந்தக் கரையில் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும். இராமர் அம்பு விட்டுத் தோண்டிய கிணறு என்பதையும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அது அம்மம்மா சோறு தீத்தும்போது சொன்ன கதை. அந்தப் பெண்ணோ கொப்பியை எடுத்தா. எத்தனை மணித்தியாலம் எடுக்கும்? ஒரு தேசிக்காயா, பலதா? போட்டவர் யார், கீரிமலையில் பார்த்துக்கொண்டு நின்றவர் யார்? அப்பா திணறினார். எல்லாரும் சொல்லுவினம் என்பதைத் தவிர அவரிடம் வேறு சாட்சி இல்லை. ஆனால் அவ சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்லும் சுண்ணாம்புக்கல்தான், இதைவிட வயதில் மிக இளையது, குகை விழுந்து திறந்த வாய்தான் அந்தக் கிணறு என்று விளக்கினா. அப்பாவுக்கு இராமரை விட்டுக்கொடுக்க மனமில்லை. கக்கூசுக் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி இடைவெளி என்று வேலிக்கு வேலி சண்டை பிடித்த ஊர் எங்களுடையது, இங்கே கிணற்று வாய்க்குள்ளேயே மருந்துப் பீப்பாயைத் தள்ளுகிறார்களே என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு பின்னேரம் திரும்பும் வழியில் பங்கோனியாப் பள்ளத்தாக்கைக் காட்டினார்கள். பெரிய கிடங்குதான். எதிர்ப்பக்க மலையில் வெள்ளைப் படிகளாகச் சுண்ணாம்புக்கல் அகழ்வு. எல்லாரும் பள்ளத்தாக்கைப் படம் பிடித்தார்கள், அப்பா அகழ்வையே பார்த்துக்கொண்டு நின்றார். “அச்சாக் காங்கேசன்துறை” என்றார். அங்கே சீமெந்து ஆலை போருக்குள் அகப்பட்டு 1990இல் மூடிக்கிடந்தது.

வீட்டுக்கு வந்த கிழமை பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதினார். சுகம் விசாரித்து, காசு அனுப்பிய விபரம் எழுதி, கடைசியில் அந்தப் பெண்ணின் கேள்விகளை ஒழுங்காக இலக்கமிட்டு எழுதினார்: நேரம், எண்ணிக்கை, கண்ணால் கண்டவர் பெயர். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்த் திரும்ப அந்தக் காலத்தில் மாதக்கணக்கு. பதில் வந்தபோது நான் அடுத்த வகுப்பில் இருந்தேன். மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, இன்னார் இடம்பெயர்ந்து இன்னார் வீட்டில் என்று நான்கு பக்கம். ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கி ஒரு வரி: “தேசிக்காய் விக்கிற விலைக்கு அதைக் கிணத்துக்க போட இஞ்ச ஆரும் இல்லை. உனக்கு அங்க வேலை ஒண்டும் இல்லையோ?”

அப்பா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வேலைத்தலத்து நண்பர் மூலம் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினார்.