யானையை விட்டு இறங்காதவர்

தலைநகருக்குப் பிழைக்க வந்த தமிழனுக்கு ஊர் எதுவாயினும் பெயர் ஒன்றுதான்: 'மதராசி'. மைய அரசு அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தராகச் சேர்ந்தது 1968இல். 'படோசன்' இந்திப் படத்தில் மெகமூது தென்னாட்டு இசையாசிரியராகத் தோன்றி வடநாட்டைக் குலுங்கச் சிரிக்க வைத்த ஆண்டும் அதுவே. எங்கள் அலுவலக ஆண்டு விழா நாடகங்களில் எனக்கும் அப்படியொரு வேடம் நிலைத்துவிட்டது. வேட்டி, திருநீறு, உடைந்த இந்தி, வாயைத் திறந்தால் 'ஐயையோ'. கைதட்டலுக்குக் குறைவில்லை, நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

பிற்காலத்தில் சாபுவின் வரலாற்றைப் படித்தபோது அந்த மேடைதான் நினைவுக்கு வந்தது.

மைசூர்ச் சீமையின் காராப்பூரில் 1924இல் யானைப்பாகன் மகனாய்ப் பிறந்தவர் சாபு. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் பிளாகர்ட்டி அவரைத் தேர்ந்தெடுத்தார். 1937இல் வெளிவந்த 'எலிபெண்ட் பாய்' அவரை உலகறியச் செய்தது. 'பாக்தாத் திருடன்' (1940) படப்பிடிப்பு, போரின் காரணமாக இங்கிலாந்திலிருந்து ஆலிவுட்டுக்கு மாறியபோது அவரும் கடல் கடந்தார். 'ஜங்கிள் புக்'கில் (1942) மௌக்லி ஆனார். 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, அந்நாட்டு விமானப் படையில் குண்டுவீச்சு விமானத்துத் துப்பாக்கி வீரராகப் போரிட்டு, வீரப் பதக்கமும் பெற்றார்.

மீண்டு வந்தவருக்குத் திரையுலகம் எடுத்து வைத்திருந்தது என்ன? பெரும்பாலும் அதே காடும் அதே விலங்குகளுந்தாம். 'மதர் இந்தியா' (1957) படத்தின் பிர்ஜூ வேடத்துக்கு மெகபூப் கான் முதலில் எண்ணியது சாபுவைத்தான். அமெரிக்கக் குடிமகனான அவருக்கு இங்கே பணி அனுமதி கிட்டவில்லை என்பர். அங்கே என்றும் இந்தியர், இங்கே அயல்நாட்டவர். 1963 டிசம்பர் 2ஆம் நாள், 39ஆம் வயதில், மாரடைப்பால் மறைந்தார். அடுத்த ஆண்டு திரைக்கு வந்த இறுதிப் படத்திலும் அவர் புலியைப் பழக்கும் இந்தியரே.

என் கதைக்கு வருகிறேன். ஓராண்டு விழாவுக்கு எட்டு வயது மகளை அழைத்துச் சென்றிருந்தேன். வீடு திரும்பும் வழியில் பேருந்தில் அவள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்குத்தான் இந்தி நன்றாக வருமே! ஏன் வராத மாதிரி பேசினீங்க?" விடை சொல்ல வாய் எழவில்லை.

மறு ஆண்டு நீதிபதி வேடம் கேட்டு வாங்கினேன். ஒரு சொல்லும் பிழைபடாமல் பேசினேன். எவரும் சிரிக்கவில்லை, கைதட்டவுமில்லை. அதன்பின் எந்த வேடத்துக்கும் என்னை அழைக்கவில்லை. ஆயினும் என் வீட்டில் உலை கொதிக்கத் தவறவில்லை; மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. எனக்கு மேடை பொழுதுபோக்கு. சாபுவுக்கோ அதுவே சோறு. மனைவி மக்களைக் காக்க வேண்டியவர், வேண்டாம் என்று எத்தனை வேடங்களைத் தள்ளியிருக்க முடியும்? அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. சிறு வயதில் அவரை யானைமேல் கண்டு ஆர்ப்பரித்தவர்களுள் நானும் ஒருவன் அன்றோ!

ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆகின்றன. கரோல் பாக் கடைத்தெருவில் எதிர்ப்படும் பழைய நண்பர் ஒருவர் இன்றும் 'ஐயையோ' என்றே என்னை வரவேற்கிறார். அன்புதான்; ஐயமில்லை. நான் நல்ல இந்தியில் அவருடைய நலம் விசாரிக்கிறேன்.