மடியில் இழைப்புளி

ஓவிய வாத்தியாரிடம் இரவல் வாங்கிவந்த கனத்த புத்தகத்தில், இரண்டு பக்கம் சேர்த்து விரித்தால்தான் முழுசாகத் தெரியும் அந்தப் படம். இத்தாலியில் சியெனா என்ற ஊர். அதை ஆண்ட ஒன்பது பேர் கூடும் அறைச் சுவரில் அம்புரோஜியோ லோரென்செட்டி 1338, 1339-இல் தீட்டியது. நல்லாட்சி என்றால் என்ன என்று சுவர் முழுக்கப் பெண்களாக வரைந்து வைத்திருக்கிறார். நீதி ஒருத்தி, விவேகம் ஒருத்தி, வலிமை ஒருத்தி.

எனக்குப் பிடித்தவள் சமாதானம். மற்றவர்கள் விறைப்பாக உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் வெள்ளை உடுப்பில், தலையைக் கையில் தாங்கி, மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாயும் அத்தை மாதிரி ஒருக்களித்திருந்தாள். கையில் ஒலிவக் கிளை. மெத்தைக்கு அடியில் போர்க்கவசம். அந்தக் கவசம் முதுகில் குத்தாதா என்பதுதான் அப்போது என் கவலை.

பட்டறையில் தாத்தாவிடம் காட்டினேன். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சமாதானத்தை அவர் சட்டைபண்ணவே இல்லை. நீதிக்குக் கீழே இருந்தவள்மேல் விரலை வைத்தார்.

"எலே, இவ நம்ம ஆளுல்லா! மடில இழைப்புளி வச்சிருக்கா பாரு."

அவள்தான் ஒற்றுமை. நீதியின் தராசுத் தட்டுகளிலிருந்து இறங்கும் இரண்டு கயிறுகளையும் சேர்த்து ஊர்க்காரர்களிடம் கொடுக்கிறாள். இருபத்துநான்கு பேர் வரிசையாக அதைப் பிடித்து நிற்கிறார்கள். கயிறு போய்ச் சேர்வது, பொதுநலம் என்று பெரியவராக உட்கார்ந்திருக்கும், சியெனாவின் கறுப்பு வெள்ளை நிறம் உடுத்தவரிடம். வாத்தியார் சொன்னதை ஒப்பித்தேன். இழைப்புளியைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்துச் சுவரின் படத்தையும் தாத்தா விடவில்லை. கடைகள், ஆடும் பெண்கள், சுமையோடு வரும் கழுதைகள் எல்லாவற்றையும் தாண்டிச் சாரத்தில் நின்று கட்டடம் எழுப்பும் கொத்தனார்களிடம் போய் நின்றார். "வேல நடக்குது. அப்பம் ஊரு நல்லாத்தான் இருக்கு" என்றார். எதிர்ச்சுவரில் கொம்பு முளைத்த கொடுங்கோலனையும் அவன் காலடியில் கட்டுண்டு கிடக்கும் நீதியையும் பார்த்ததும் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

மறுபடி அந்த வரிசைக்கு வந்தார்.

"எல்லாவனும் ஒரே மட்டமா நிக்கானுவ, பாத்தியா? இழைச்சிருக்கா." கொஞ்சம் யோசித்து, "ஆனா இத்தன பேர இழைச்சா இரும்பு மழுங்கிருமே. அதத் தீட்டிக் குடுக்கது யாருன்னு ஒங்க வாத்தியாரக் கேளு" என்றார்.