பிள்ளைப்பாக்கத்தில் ஒரு ஜோடி சாக்ஸ்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஆன்மிக அன்பர்களுக்கு ராமானுஜர். அரசியல் அன்பர்களுக்கு 1991 மே 21. கார் பிரியர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை. ஆனால் டிப்ளமோ முடித்துவிட்டு ஃபைலும் கையுமாக அலைகிற அன்பர்களைக் கேட்டுப் பாருங்கள், 'பிள்ளைப்பாக்கம்' என்பார்கள். வேலை கிடைக்கிற ஊர்.

பூந்தமல்லியில் பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு பயணம் செய்தால் சீக்கிரமே வந்துவிடும். ஒரு பக்கம் ஏரி, பனைமரம், நிதானமாக ரோட்டைக் கடக்கும் எருமை. இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தகர ஷெட், செக்யூரிட்டி, சல்யூட். நடுவில் வரிசையாக கம்பெனி பஸ்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் செல்போன்.

சிப்காட் இங்கே எலெக்ட்ரானிக்ஸுக்கென்றே சுமார் 379 ஏக்கரில் ஒரு தொழிற்பூங்கா போட்டிருக்கிறது. பக்கத்திலேயே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் ஒரு குடியிருப்பு திறந்தார்கள். வேலை பார்க்கும் பெண்கள் தங்குவதற்கு. 13 கட்டடம், மொத்தம் 18,720 பேர். அறைக்கு 6 பேர். அந்தக் காலத்தில் ஒரு தாலுகா தலைநகரத்திலேயே அவ்வளவு ஜனம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்!

'சரி, இத்தனை பேரும் ஷிஃப்ட் முடிந்து வந்து என்னதான் செய்வார்கள்?'

இந்தக் கேள்வியோடுதான் டீக்கடையில் நின்றேன். பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். ஹேர்பின், ஸ்டிக்கர் பொட்டு, ரீசார்ஜ் எல்லாவற்றுக்கும் நடுவே, கல்யாண வீட்டு லட்டு மாதிரி அடுக்கி வைத்த நூல் உருண்டைகள். ரோஸ், மஞ்சள், ஆகாய நீலம்.

"முன்னாடி கூடை பின்ற ஒயர்தான் சார் போகும். இப்ப ஒயரும் போகுது, இந்த ஊலும் போகுது. ஹாஸ்டல் புள்ளைங்க வாங்குதுங்க" என்றார் கடைக்காரர்.

"சென்னை வெயில்ல ஸ்வெட்டரா?"

"அட, ஸ்வெட்டர் இல்ல சார். சாக்ஸு, கீ செயினு, போன் பை... கிஃப்டு குடுக்க."

சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தோள்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒற்றை சாக்ஸ். இன்னொன்று பாதியில், நாலு ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு வளைகாப்பாம். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். அறைத்தோழி ஊட்டிக்காரி, அவள்தான் குரு. மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தது செல்போன் வீடியோ.

சாக்ஸ் பின்னுவது ஒன்றும் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை சார். குழாய் மாதிரி சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே வந்து, குதிகாலில் திடீரென்று ரிவர்ஸ் கியர் போட வேண்டும். கண்ணிகளில் பாதியை அப்படியே நிறுத்திவிட்டு, மீதிப் பாதியில் மட்டும் முன்னும் பின்னுமாகப் போய் ஒரு கிண்ணம் செய்ய வேண்டும். அப்புறம் நிறுத்தி வைத்ததைச் சேர்த்துக்கொண்டு மறுபடி குழாய். ஒரு கண்ணி நழுவினால் ஓடிக்கொண்டே இருக்கும், ஷேர் மார்க்கெட் மாதிரி.

இதற்கென்றே தனி நூல் உண்டு. மேல்நாட்டில் சாக்ஸ் நூல் என்றே விற்கிறார்கள். மெல்லிசு, ஆனால் நன்றாக முறுக்கியது. முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான் என்பது வழக்கமான கலவை. குதிகால் சீக்கிரம் தேயாமல் இருக்கத்தான் நைலான். 100 கிராம் கண்டு சுமார் 400 மீட்டர் ஓடும். பெரிய ஆளுக்கு ஒரு ஜோடி அதில் முடிந்துவிடும். மிச்சம் விழுகிற இருபது கிராமில் கைக்குழந்தைக்கு ஒரு ஜோடி, அல்லது கீ செயின் பொம்மை, அல்லது மூக்குக் கண்ணாடி உறை. மிச்ச நூலில் பரிசு என்பது இப்படித்தான் உலகமெங்கும் பரவியது. பிள்ளைப்பாக்கத்தில் கம்பளிக்குப் பதில் அக்ரிலிக். துவைக்க சுலபம், விலையும் மலிவு.

இரண்டு விரல் சாக்ஸ்

சாக்ஸுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம், நாம் செருப்புக் கட்சி ஆயிற்றே என்பவர்களுக்கு ஒரு தகவல். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் எகிப்தில் கிடைத்த ஒரு ஜோடி சிவப்பு சாக்ஸ் இருக்கிறது. வயது 1,600 வருஷத்துக்கு மேல். ஒற்றை ஊசியால் செய்தது. அதில் கட்டை விரலுக்குத் தனி அறை. எதற்கு? செருப்பு போட்டுக்கொள்ளத்தான்!

இன்னொன்று. இந்த ஏரியாவில் டீ குடிக்க வரும் பையன்கள் முக்கால்வாசிப் பேரின் பின் பாக்கெட்டில் வெள்ளை கிளவுஸ் தொங்கும். உற்றுப் பாருங்கள், அதில் தையலே இருக்காது. அதுவும் பின்னல்தான். 7 கேஜ் என்றால் மெஷினில் ஓர் அங்குலத்துக்கு 7 ஊசி, முரட்டு கிளவுஸ். 13 கேஜ் என்றால் மெல்லிசு, சின்னச் சின்ன பாகங்களை எடுக்க. ஜப்பானில் ஷிமா செய்க்கி என்கிற கம்பெனி கிளவுஸ் பின்னும் மெஷினில்தான் பிரபலமானது. அப்புறம் கிளவுஸைத் தலைகீழாகப் பார்த்தார்கள். நடு விரல்களை உடம்பாகவும், ஓரத்து இரண்டு விரல்களைக் கைகளாகவும் வைத்தால் ஸ்வெட்டர் ஆயிற்றே! 1995-இல் தையலே இல்லாமல் முழு ஸ்வெட்டர் பின்னும் மெஷின் வெளிவந்தது. கிளவுஸை சும்மா பாக்கெட்டில் செருகிக்கொண்டு போகிற நண்பர்கள் யோசிக்கவும்.

மெஷின் கதைக்கு மூலவர் வில்லியம் லீ என்கிற இங்கிலாந்துக்காரர். 1589-இல் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். கையால் பின்னிப் பிழைக்கிற ஏழை ஜனங்கள் பட்டினி கிடப்பார்களே என்று எலிசபெத் ராணி அனுமதி தர மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். மனுஷன் பிரான்ஸுக்குப் போய் அங்கேயே காலமானார். மெஷின் மட்டும் பிழைத்துக்கொண்டது. 'மெஷின் வந்தால் ஆள் என்ன ஆவான்' என்கிற கேள்விக்கு வயது நானூறைத் தாண்டிவிட்டது. பிள்ளைப்பாக்கத்தில் அது இன்னும் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாமனார் பரீட்சை

'இதெல்லாம் லேடீஸ் டிபார்ட்மென்ட்' என்று பக்கத்தைப் புரட்டப் போகிற ஆண் சிங்கங்களே, கொஞ்சம் நில்லுங்கள். பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியில் டக்கீலே என்று ஒரு தீவு. அங்கே ஊசி பிடித்துப் பின்னுவது ஆண்கள். அந்தத் தீவின் நெசவுக் கலையை 2005-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியம் என்று அறிவித்தது. கல்யாணத்துக்குப் பையன் பின்னிய குல்லாயில் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று மாமனார் பார்ப்பாராம். நம் ஊரில் சம்பளச் சீட்டோடு விட்டுவிடுகிறார்கள். பிழைத்தோம்.

நம் பக்கத்திலும் இதற்குச் சரித்திரம் உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் என்பவரின் மனைவி ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்தச் சம்பாத்தியத்தில் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்கிற நூல், விலங்கை அறுத்திருக்கிறது. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று பெண்கள் சேர்ந்து குரோஷா ஊசியால் செய்த கம்பளம் கின்னஸில் ஏறியது. 11,148.5 சதுர மீட்டர். அதாவது இரண்டே முக்கால் ஏக்கர். பட்டா மட்டும்தான் பாக்கி!

லாப நஷ்டக் கணக்கு

பி.காம். படித்தவன் வாய் சும்மா இருக்குமா? அந்தப் பெண்ணிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"நூல் நாற்பது ரூபாய். ஆறு மணி நேரம் பின்றே. மணிக்கு அறுபதுன்னு வெச்சா முந்நூற்று அறுபது. ஆக நானூறு ரூபாய். பிளாட்பாரத்துல மூணு ஜோடி நூறு ரூபாய்க்குத் தர்றான். நஷ்டம்மா!"

அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"லைன்ல ஒரு நாளைக்கு எத்தனை போர்டு என் கையத் தாண்டிப் போவுது தெரியுமாண்ணா? ஒரு ஸ்க்ரூ, அவ்ளோதான் என் வேலை. முழு சாமான எங்க பாக்கறோம்? இது ஆரம்பிச்சதும் நானு, முடிக்கறதும் நானு."

அறைத்தோழி இடையில் புகுந்தாள். "வளைகாப்புக்கு இவளுக்கு லீவு இல்லண்ணா. ஊருக்குப் போற பொண்ணுகிட்ட குடுத்து விடறா. அடுத்த மாசம் காண்ட்ராக்ட் வேற முடியுது. நீட்டிப்பாங்களான்னு தெரியல."

எனக்கு அதற்குமேல் கணக்கு வரவில்லை. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி ஆரம்பித்த நோக்கியா, 2014 நவம்பரில் நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக்குப் போனார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பெண்களும் பையன்களும். அந்தச் சரித்திரம் இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பஸ் ஏறுகிறார்கள்.

ஒரு வேடிக்கை. ஊலை இவர்கள் லைனுக்கு எடுத்துப்போக முடியாது. கம்பளி, அக்ரிலிக் உரசினால் ஸ்டாட்டிக் மின்சாரம் வரும். நம் விரலுக்கே உறைக்காத துளியூண்டு ஷாக் ஒரு சிப்பைக் காலி பண்ணிவிடும். அதனால்தான் ஸ்பெஷல் கோட்டு, மணிக்கட்டில் எர்த் பட்டை எல்லாம். நூல் லாக்கரில் காத்திருக்கும், சாயங்காலம் வரைக்கும்.

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வரும். கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் இருப்புநிலைக் குறிப்பின் வலது பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். வாத்தியார் எத்தனையோ முறை விளக்கியும் மண்டையில் ஏறாத அந்த அயிட்டம், பிள்ளைப்பாக்கத்தில் ஒரு ஜான் சாக்ஸில் ஏறியது. முந்நூற்று அறுபது ரூபாய் நஷ்டம் இல்லை சார், அது அந்தத் தலைப்பில் வரவு.

ஆரம்பிக்கிறவர்களுக்கு

முதல் நாளே சாக்ஸில் இறங்க வேண்டாம். இரண்டு ஊசி, ஒரு உருண்டை வாங்கி, பதினைந்து கண்ணி போட்டு, நேராகப் பின்னிக்கொண்டே போங்கள். நாலு விரல் நீளம் வந்ததும் முடித்து, மடித்துத் தைத்து, வளையம் மாட்டினால் கீ செயின். சாக்ஸ் நூலுக்கு இரண்டரை மில்லிமீட்டர் ஊசி சரியாக இருக்கும். நம் வெயிலுக்குப் பருத்தி நூல் உத்தமம். குழந்தைக்கென்றால் உட்பக்கம் நூல் முனை தொங்கக்கூடாது. பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். முனைகளைப் பின்னலுக்குள்ளேயே செருகிவிட்டு, உள்ளே வெளியே திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஆபீஸில் யாருக்காவது ஃபேர்வெல் வந்தால், வழக்கம்போல ஆளுக்கு ஐம்பது வசூலித்துச் சுவர்க் கடிகாரம் வாங்காமல், ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள். கோணலாகத்தான் வரும். பரவாயில்லை. ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது... பேக் பண்ணும்போது விலைச் சீட்டைத் தேடிப் பிடித்துக் கிழிக்க வேண்டிய வேலையே கிடையாது.