மூன்றாவது மஞ்சள் அட்டை

கிரஹாம் போல் பதினேழு வயதில் விசிலைக் கையில் எடுத்தவர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்காரர். 1980-ல் உள்ளூர் ஆட்டங்களில் ஆரம்பித்து, 1993-ல் பிரீமியர் லீக், 1996-ல் ஃபிஃபாவின் சர்வதேச நடுவர் பட்டியல் என்று படிப்படியாக ஏறினார். பழைய வெம்ப்ளி மைதானத்தை இடிப்பதற்கு முன் அங்கே நடந்த கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டிக்கு, 2000-ல், நடுவர் அவர்தான். 2006 உலகக் கோப்பைக்குப் போனபோது, இறுதிப்போட்டியே இவர் கைக்கு வரலாம் என்று பலரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு முன் சர்ச்சையே இல்லாமல் இருந்தாரா என்றால், இல்லை. நடுவராக இருந்துகொண்டு எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க முடியுமா என்ன! 2000 ஏப்ரலில் எவர்ட்டனும் லிவர்பூலும் மோதிய ஆட்டம், கோல் இல்லாமல் முடியும் தறுவாயில் இருந்தது. லிவர்பூல் கோல்கீப்பர் உதைத்த பந்து எவர்ட்டன் வீரர் டான் ஹட்சிசனின் முதுகில் பட்டுத் திரும்பி, கோலுக்குள்ளேயே போய்விட்டது. பந்து காற்றில் இருக்கும்போதே போல் 'ஆட்டம் முடிந்தது' என்று ஊதிவிட்டார். எவர்ட்டன் ரசிகர்கள் அதை லேசில் மறக்கவில்லை. 2002 உலகக் கோப்பையில் குரோஷியாவிடம் இத்தாலி தோற்றபோது, இத்தாலி அடித்த இரண்டு கோல்கள் செல்லாமல் போயின. ரோமாபுரியில் திட்டு விழுந்தது இவர் பெயருக்குத்தான்.

இதெல்லாம் எந்த நடுவருக்கும் வருகிற தலைவலிகள். 2006 ஜூன் 22-ம் தேதி ஸ்டட்கார்ட்டில் நடந்தது வேறு ரகம்.

ஆஸ்திரேலியாவும் குரோஷியாவும் மோதுகின்றன. அடுத்த சுற்றுக்குப் போக ஆஸ்திரேலியாவுக்கு டிரா போதும். குரோஷியா ஜெயித்தே ஆக வேண்டும். தள்ளுமுள்ளும் கத்தலுமாக ஆட்டம் சூடு பிடித்தது. 61-வது நிமிடத்தில் குரோஷியாவின் தடுப்பாட்டக்காரர் ஜோசிப் சிமுனிச்சுக்கு மஞ்சள் அட்டை. 90-வது நிமிடத்தில் அதே சிமுனிச்சுக்கு மறுபடி மஞ்சள் அட்டை. இரண்டு மஞ்சள் என்றால் சிவப்பு. ஆள் வெளியே போக வேண்டும். மைதானத்தில் பந்து பொறுக்கிப் போடுகிற சிறுவனுக்குக்கூடத் தெரிந்த விதி. போல் சிவப்பை எடுக்கவில்லை. சிமுனிச்சும் வாயைத் திறக்காமல் போய் தன் இடத்தில் நின்றுகொண்டார். அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

ஆட்டம் 2-2 என்று முடிந்ததும் சிமுனிச் நடுவரிடம் சண்டைக்கு வந்தார். போல் மூன்றாவது முறையாக மஞ்சளைக் காட்டி, அப்புறம்தான் சிவப்பை எடுத்தார்.

எப்படி நடந்தது? நடுவர் கையில் இருக்கும் சிறு அட்டையில் இரு அணிக்கும் தனித்தனிப் பத்தி. அட்டை காட்டியதும் வீரரின் எண்ணை அந்தந்தப் பத்தியில் குறித்துக்கொள்ள வேண்டும். சிமுனிச்சின் எண் 3. ஆஸ்திரேலியாவின் கிரெய்க் மூருக்கும் எண் 3. இரண்டாவது தடவை போல் அந்த மூன்றை ஆஸ்திரேலியாவின் பத்தியில் எழுதிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிமுனிச் பிறந்து வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் கான்பெராவில். பேச்சு சுத்தமான ஆஸ்திரேலிய ஆங்கிலம். கத்தியும் சத்தமுமான அந்த நேரத்தில் காதில் விழுந்த அந்தப் பேச்சே கையைத் தப்பான பத்திக்கு இழுத்திருக்கலாம் என்று போல் பின்னாளில் சொன்னார்.

சரி, அவர் தவறினார். மற்றவர்கள்? இரண்டு துணை நடுவர்கள், கோட்டுக்கு வெளியே நான்காவது அதிகாரி. நால்வர் காதிலும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் கருவி. ஒருவரும் "சார், இது ரெண்டாவது" என்று சொல்லவில்லை. பழி முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தது. விசில் அவர் கையில் இருந்ததால் அது நியாயம்தான்; ஆனாலும் கொஞ்சம் உறுத்துகிறது.

மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்ததே இந்த மாதிரிக் குழப்பம் கூடாது என்றுதான். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடியபோது, ஜெர்மன் நடுவர் யாரை எச்சரித்தார் என்பது ஆடியவர்களுக்கே சரியாகப் புரியவில்லை. அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கிலேயர் கென் ஆஸ்டன், காரில் போகும்போது போக்குவரத்து விளக்கைப் பார்த்து இந்த இரண்டு நிறங்களைப் பிடித்தார். 1970 உலகக் கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. எந்த மொழிக்காரருக்கும் கண்ணால் பார்த்தாலே புரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்டட்கார்ட்டில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். புரிய வேண்டியவருக்குத்தான் கணக்கு தப்பியது.

போல் சாக்கு சொல்லவில்லை. தவறு தன்னுடையதே என்றார். அவரை ஃபிஃபா ஊருக்கு அனுப்பிவிட்டது. இறுதிப்போட்டி அர்ஜென்டினாவின் ஒராசியோ எலிசோண்டோவுக்குப் போனது. ஜிடானுக்குச் சிவப்பு அட்டை காட்டியவர் அவர்தான். இனி சர்வதேசத் தொடர்களில் ஊதுவதில்லை என்று போல் அறிவித்தார்.

உள்ளூரிலும் நிம்மதி இல்லை. 2006 நவம்பரில் டாட்டன்ஹாமோடு நடந்த ஆட்டத்தில் செல்சீ கேப்டன் ஜான் டெர்ரியை வெளியேற்றினார். ஏன் வெளியேற்றினேன் என்பதற்கு நடுவர் மாற்றி மாற்றிக் காரணம் சொன்னார் என்று டெர்ரி பேட்டி கொடுத்தார். நடுவரின் நேர்மையையே சந்தேகித்த பேச்சு அது. விசாரணை வந்தபோது டெர்ரி குற்றத்தை ஒப்புக்கொண்டு, 10,000 பவுண்டு அபராதம் கட்டினார். அவர் வாங்கிய வாராந்தரச் சம்பளத்துக்கு அது சில்லறைக் காசு. இடைப்பட்ட மாதங்களில் நடுவருக்குப் போன பெயரை யார் திருப்பித் தருவது?

2007 மே 28-ம் தேதி, புதிதாகக் கட்டிய வெம்ப்ளியில் டெர்பி அணிக்கும் வெஸ்ட் பிராம் அணிக்கும் ஓர் ஆட்டம். ஜெயிப்பவருக்கு பிரீமியர் லீக்கில் இடம். டெர்பி 1-0 என்று ஜெயித்தது. அதுதான் இங்கிலாந்தில் போல் ஊதிய கடைசி ஆட்டம். வயது 43. இன்னும் சில வருடங்கள் ஊத அவருக்கு விதியில் இடம் இருந்தது.