ஆறுதலுக்கும் ஒரு படிப்பு

'சேப்ளின்' என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? மருத்துவமனை, சிறைச்சாலை போன்ற இடங்களில் மனத்துணையாகவும் ஆன்மிகத் துணையாகவும் இருப்பவர் அவர். பிரிட்டனில் 1948-இல் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோதே அவர்களுக்கும் அதில் இடமிருந்தது. அன்று பெரும்பாலும் கிறிஸ்துவப் போதகர்கள். இன்று முஸ்லிம், இந்து, சீக்கியர் எனப் பலர். இங்கிலாந்தில் 2015-இல் வெளியான வழிகாட்டி, சமய நம்பிக்கை இல்லாதவர்களையும் இத்துணைக்கு உரியவர்களாகவே கருதியது.

அங்கே வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முதுகலை படிக்கும் சேப்ளின்கள் உண்டு. நோயாளியுடன் நடந்த உரையாடலைப் பெயர் மறைத்து எழுதி ஆராய்வது இத்தகைய பயிற்சியில் ஒரு வழக்கம். எங்கே பேசினோம்? எங்கே மௌனமாக இருந்திருக்க வேண்டும்? தன் சமயத்தைப் பரப்பக் கூடாது என்பது இப்பணியின் அடிப்படை நெறி.

சென்ற ஆண்டு என் பாட்டி பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தார். மருந்துக்குக் குறைவில்லை. ஆனால், தமிழ் மட்டுமே தெரிந்த அவரிடம், "பயமா இருக்கா பாட்டி?" என்று கேட்க எங்களைத் தவிர வேறு ஆளில்லை. பார்வை நேரம் முடிந்தால் நாங்களும் வெளியே! இரவில் பக்கத்துக் கட்டில் மலாய் மூதாட்டிதான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்வாராம்.

"அதற்கெல்லாம் பட்டமா வேண்டும்?" என்கிறார் அப்பா. அந்தக் கைக்குப் பட்டம் தேவையில்லைதான். ஆனால், எல்லா இரவும் அப்படியொரு கை வாய்க்குமா? அதை உறுதி செய்யத்தான் ஆளும் பயிற்சியும் வேண்டும்.

உளவியலும் சமூகப் பணியும் பயிலும் தோழர்களே, தமிழ்ப்பள்ளியில் நாம் கற்ற தமிழுக்கு வார்டிலும் வேலை இருக்கிறது.