முதல்ல காளையைப் பாரு

பன்னெண்டாவது வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். கடைசியா தமிழ்ல ரெண்டு பக்கம் சேர்ந்தாப்புல எழுதினது பப்ளிக் எக்ஸாம்லதான். அதனால தப்பு இருந்தா எடிட்டரைத் திட்டுங்க. ப்ளேஸ்மென்ட் டிப்ஸ் எழுதித் தர்றேன்னு வாக்கு கொடுத்துட்டு இதை அனுப்புறேன். இதுல வர்ற அண்ணனும் அண்ணியும் படிச்சுப் பார்த்து, "போட்டுக்கோ, பேர் மட்டும் வேண்டாம்"னு சொன்ன பிறகுதான் அனுப்புறேன்.

சொந்த ஊர் காங்கேயம். ஊர் பேரைச் சொன்னா எல்லாரும் முதல்ல காளையைத்தான் கேட்பாங்க. எங்க அப்பாரு மாடு வெச்சிருந்தவர். கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதுல கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். மாடுங்க நாள் முழுக்க அதுக்குள்ளதான் நடந்து மேயும். பொலிகாளையைக் கட்டியே போட்டுத் தீனி வெச்சா அப்பாருக்குக் கோபம் வரும். "தொந்தி விழுந்த காளை எதுக்குடா ஆகும்?"னு கேட்பார். பக்கத்துத் தோட்டத்துல மாடு சினை பிடிக்கலைன்னு யாராவது வந்து நின்னா அவர் சொல்ற முதல் வார்த்தை, "மாட்டைக் கொறை சொல்றதுக்கு முன்னாடி காளையைப் பாரு."

இந்த ஞானம் எல்லாம் மாட்டுப்பட்டியோட சரி. வீட்டுக்குள்ள வரவே இல்லை.

பெரியப்பா மகன், நான் அண்ணன்னு கூப்பிடுறவர், திருப்பூர்ல ஒரு காம்பாக்டிங் யூனிட்ல சூப்பர்வைசர். வயசு 33. நீராவி, சூடு, பாதி நாள் ஒன்றரை ஷிஃப்ட். டீ டைமுக்கு டீயும் போண்டாவும், ராத்திரி பத்தரைக்குப் புரோட்டா. கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சு, குழந்தை இல்லை. இதுல நாலு வருஷம் டெஸ்ட் எடுத்தது, மாத்திரை சாப்பிட்டது, ஊசி போட்டுக்கிட்டது, சிவன்மலை படி ஏறினது எல்லாமே அண்ணி மட்டும்தான். வளைகாப்பு வீட்ல அண்ணியைப் பின்னாடி வரிசைக்குத் தள்ளினதை நானே பார்த்திருக்கேன். பார்த்துட்டு போனை நோண்டிக்கிட்டு இருந்தேன்.

போன வருஷம் ஒரு டாக்டர் அம்மா, "வீட்டுக்காரர் ரிப்போர்ட் இல்லாம அடுத்த மருந்து எழுத மாட்டேன்"னு கறாரா சொல்லிட்டாங்க. அண்ணன் யாருக்கும் சொல்லாம லேபுக்குப் போய்ட்டு வந்துட்டார். அன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு. பின்னாடியே போன். "தம்பி, இங்கிலீஷ்ல இருக்குதுடா. என்ன போட்டிருக்குதுன்னு சொல்லு. வீட்ல சொல்லிப்போடாதே."

ஒரு மில்லிலிட்டர்ல 60 லட்சம் விந்தணு. நகர்றது 22 சதவீதம். ரத்தத்துல மூணு மாச சர்க்கரை சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 7.8.

எனக்கு ஒண்ணும் புரியல. விடிய விடிய உட்கார்ந்து படிச்சேன். உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட கையேட்டுப்படி கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம், நகர்வு 42 சதவீதம். அதுக்குக் கீழே இருந்தா குழந்தையே பிறக்காதுன்னு அர்த்தம் இல்லை, வாய்ப்பு குறையுது. சர்க்கரை 6.5 தாண்டினாலே நீரிழிவு. அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதே அன்னிக்குத்தான் தெரியும். 2021ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறாங்க. அவங்க வர்ற நேரம் அண்ணன் கம்பெனியில இருப்பார். அண்ணிதான் விரலை நீட்டுவாங்க.

சர்க்கரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்றேன். இது ஒரு ஃபீட்பேக் லூப். மூளை அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச்னு ரெண்டு சிக்னல் அனுப்பும். விதைப்பை அதை வாங்கி டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுவும் தயார் பண்ணும். தயாரான அளவைப் பார்த்து மூளை சிக்னலைக் கூட்டும், குறைக்கும். தொப்பையில சேர்ற கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அதுல அரோமடேஸ்னு ஒரு நொதி இருக்கு. அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனா மாத்தும். ஈஸ்ட்ரோஜன் ஏறினா மூளை 'போதும்'னு நினைச்சு சிக்னலைக் குறைச்சுடும். இது போக, ரத்தத்துல ஓயாம சர்க்கரை கூடி இருந்தா விந்தணுவோட டிஎன்ஏவே சேதமாகும். உற்பத்திக்கு உடம்பு சூட்டை விட ரெண்டு, மூணு டிகிரி குறைவா வேணும். தொடை இடுக்குக் கொழுப்பும், மணிக்கணக்கா உட்கார்றதும், மடி மேல லேப்டாப்பும் அந்தச் சூட்டை ஏத்தும். அப்பாரு தொந்தி விழுந்த காளையைத் திட்டினது சும்மா இல்லை.

ஜிம் பசங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. ஊசியில டெஸ்டோஸ்டிரோன் ஏத்தினா இதே லூப்தான் ஏமாறும். வெளியில இருந்து நிறைய வருதேன்னு மூளை சிக்னலை நிறுத்தும், விந்தணு உற்பத்தி படுத்துரும். கை பெருக்கும், கவுன்ட் பூஜ்யம் வரைக்கும் போகலாம்.

"நான் ஒல்லிடா, எனக்கு என்ன?"னு கேட்கிறவங்களுக்கும் ஒரு கதை இருக்கு. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் டாக்டர் ஜான் யுட்கின் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற போட்டோ 2004ல லான்செட் இதழ்ல வந்துச்சு. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒண்ணுதான், 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்ம ஊர் உடம்பு கொழுப்பை வயித்துலதான் பதுக்கும். அதனாலதான் தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பளவு எல்லை 90 சென்டிமீட்டர்னு தனியா வெச்சிருக்காங்க. ஐசிஎம்ஆர் ஆய்வு 2023ல சொன்ன கணக்குப்படி இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கு.

இவ்வளவும் படிச்சு அண்ணனுக்குச் சொன்னேன். "சரிடா"ன்னு மட்டும் சொன்னார். எட்டு நாள் நானும் வாயைத் திறக்கல. ஒன்பதாவது நாள் ஊருக்குப் போனா, அண்ணி வெறும் வயித்துல ஏதோ ஒரு கசாயத்தைக் குடிச்சுட்டு முகத்தைச் சுளிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்னால முடியல. அண்ணனை மாடிக்குக் கூட்டிட்டுப் போய், "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன். வாழ்க்கையில முதல் தடவையா அவர்கிட்ட குரல் உயர்த்திப் பேசினேன். அவர் ரொம்ப நேரம் எதிர்ல இருந்த ரைஸ் மில் புகைபோக்கியையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் கீழே இறங்கிப் போனார்.

பெரிய சண்டை வரும்னு பயந்தேன், வரல. ஆனா மறுநாள் அண்ணி என்கிட்ட கேட்டாங்க, "எட்டு நாளா உனக்குத் தெரியுமா தம்பி?" அதுக்குப் பதில் என்கிட்ட இப்பவும் இல்லை.

ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள் ஆகும், வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். அதனால இன்னிக்கு எடுக்கிற ரிப்போர்ட் மூணு மாசத்துக்கு முந்தின வாழ்க்கையோட மார்க்‌ஷீட். மாத்திரை, ராத்திரி ஏழரைக்குள்ள சாப்பாடு, டீயில சர்க்கரை கட், காலையில ஊதியூர் ரோட்டுல ஒரு மணி நேர நடை. ஒன்றரை ஷிஃப்ட்டை வாரத்துக்கு ரெண்டு நாளா குறைச்சதுல சம்பளமும் குறைஞ்சுச்சு, அதையும் சொல்லிடுறேன். ஆறு மாசத்துல சர்க்கரை 6.3க்கு வந்துச்சு. கவுன்ட் 1 கோடியே 10 லட்சம். இன்னும் எல்லையைத் தொடல. குழந்தையும் இன்னும் உண்டாகல. எடை குறைஞ்சா எல்லாருக்கும் சரியாகிடும்னு நான் சொல்ல வரல. வெரிகோசீல், ஹார்மோன், மரபணுன்னு வேற காரணங்களும் இருக்கு. அதனாலதான் நடந்தாலும் டாக்டரை விடக்கூடாது. ஆனா குழந்தையில்லாத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேர்கிட்ட ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்குன்னு மருத்துவம் சொல்லுது. ஆணுக்கான முதல் டெஸ்ட் ஊசி கூட இல்லாதது. நம்ம வீடுகள்ல அதைத்தான் கடைசியா எடுக்கிறோம்.

அண்ணன் கம்பெனியில இருந்து ஒரு இன்ச் டேப் கொண்டு வந்து என் இடுப்பை அளந்தார். 37 இன்ச், கிட்டத்தட்ட 94 சென்டிமீட்டர். வயசு 21. நைட்டு பன்னெண்டு மணிக்கு டெலிவரி ஆப் திறக்கிற என் விரலுக்கு நன்றி. இப்போ ஹாஸ்டல் கிரவுண்ட்ல தினமும் சுத்துறேன்.

போன மாசம் ஒரு காதுகுத்து விசேஷம். ஒரு அத்தை வழக்கம் போல அண்ணிகிட்ட வந்து, "என்ன கண்ணு, இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?"ன்னாங்க. அண்ணி வாயைத் திறக்கிறதுக்குள்ள பக்கத்துல இருந்த அண்ணன் சொன்னார், "என்னைக் கேளுங்க அத்தை. வைத்தியம் எனக்குத்தான் நடக்குது."

அத்தை காபி டம்ளரை எடுத்துக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போய்ட்டாங்க. அண்ணி எழுந்திரிக்காம அங்கேயே, முன் வரிசையில உட்கார்ந்திருந்தாங்க.

உங்க வீட்லயும் யாராவது தனியா கசாயம் குடிச்சுக்கிட்டு இருந்தா, அப்பாரு சொன்னதைச் சொல்லுங்க. அந்த இன்ச் டேப் என் ரூம்லதான் இருக்கு. வேணும்னா வாங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.