பதினான்கு கரிக்கோடுகள்

எங்கள் வீட்டில் இராச் சாப்பாட்டுக்கு நேரமொன்று வகுக்கப்பட்டிருக்கவில்லை. ஐயா வைத்தியசாலையிலிருந்து வரும் நேரமே சாப்பாட்டு நேரம். வந்ததும் உடுப்பைக் களைந்து, கிணற்றடியிற் குளித்து, வேட்டியும் சால்வையுமாகக் குசினிக்குள் நுழைவார். அம்மா சோற்றையும் கறிகளையும் ஒரு சட்டியில் எடுத்து வைத்திருப்பார். ஐயா அதைத் தம் கையாலே குழைத்து, எங்கள் மூவருக்கும் திரளை திரளையாக உருட்டித் தருவார். கடைசித் திரளை அம்மாவுக்கு. எங்கள் உறவினர்களிடையே ஆண்கள் இவ்வாறு செய்யும் வழக்கமில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கண்டு நகைத்ததுண்டு. நகைத்தவர்களுக்கும் ஐயா ஒரு திரளை நீட்டுவார்.

என் தந்தையார் யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்தவர். கொழும்பிலே மருத்துவம் பயின்று, வன்னியில் குளங்களும் வயல்களும் சூழ்ந்த ஓர் ஊரின் அரசினர் வைத்தியசாலைக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தார். மலேரியா அப்பகுதிக்குப் புதியதன்று. ஐயா குழந்தையாயிருந்த 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையைப் பீடித்த பெருங்கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுப் படுகைகளில் ஆங்காங்கே தேங்கி நின்ற நீரில் நுளம்புகள் பெருகியதே அதற்குக் காரணம்.

பின்னர் 1946ஆம் ஆண்டளவில் வீடுகளுக்குள் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கும் வேலை நாடெங்கும் பரவியது. நோய் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மாத்திரமே மலேரியா காணப்பட்டது. வெற்றி கிட்டிவிட்டது என்றே யாவரும் எண்ணினர். மருந்து தெளிப்பது நின்றது, விழிப்பும் தளர்ந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் தலைதூக்கிற்று. 1969ஆம் ஆண்டில் மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர்.

அக்காலத்தை நான் நன்கு அறிவேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வைத்தியசாலை விறாந்தையிற் பாய் விரிக்கவும் இடமிராது. ஐயா ஒவ்வொருவர் விரலிலும் ஊசியாற் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டிலே பூசி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பார். எங்கள் ஊரிற் பெரும்பாலும் பரவியிருந்தது ஒரு வஞ்சக வகை. காய்ச்சல் தணிந்த பின்பும் அதன் கிருமி ஈரலிற் பதுங்கியிருந்து, சில மாதங்களில் மறுபடியும் எழும்பும். காய்ச்சலைத் தணிக்கக் குளோரோகுயின் போதும். பதுங்கியதை அழிப்பதற்குப் பிறிமாகுயின் மாத்திரையைத் தொடர்ந்து 14 நாள் உட்கொள்ளவேண்டும். ஆனால் காய்ச்சல் விட்ட மறுநாளே பலர் மாத்திரையைக் கைவிட்டு விடுவர். சாந்தமே உருவான ஐயா சினந்து நான் கண்டது அந்த ஒரு காரியத்துக்காகவே. ஒருநாள் காய்ச்சல் திரும்பிய பிள்ளையோடு வந்த கமக்காரப் பெண்ணொருத்தியை, விறாந்தையிலிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவர் கடிந்து கொண்டார். அவள் தலை குனிந்து நின்றது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அதற்கு அடுத்த கிழமை எங்கள் தம்பிக்கு நடுக்கம் கண்டது. மூன்று மாதத்துக்கு முன் அவனுக்கு மலேரியா வந்து மாறியிருந்தது. ஐயா நுணுக்குக்காட்டியிற் பார்த்துவிட்டு வந்து, நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்பு, "அந்த மாத்திரை முழுக்க முடிஞ்சதோ?" என்று கேட்டார்.

அம்மா குசினிக்குள் சென்று, சீனிப் போத்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தைக் கொண்டு வந்தார். அதில் ஒன்பது மாத்திரைகள் இருந்தன. "இஞ்சேருங்கோ, பிள்ளை வயித்துக்குத்தெண்டு அழுதவன். காய்ச்சலும் விட்டிட்டுது. நான்தான் நிப்பாட்டினனான்" என்று கூறி விம்மினார்.

வீடு இடிந்து விழப்போகிறதென்று நாங்கள் அஞ்சினோம். ஐயாவோ அந்தப் பொட்டலத்தைப் பார்த்தபடி, "ஊருக்கெல்லாம் சொன்னனான், வீட்டிலை சொல்லேல்லை. பிழை என்னிலைதான்" என்றார். அன்றிரவு அவர் சோறு குழைக்கையில் கை நடுங்கிற்று.

மறுநாள் விடியற்காலையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்தக் கமக்காரப் பெண்ணின் வீட்டுக்குச் சென்றார். நானும் உடன் போனேன். டொக்டர் ஐயா வாசலில் நிற்பதைக் கண்டு அவள் பதறிப் போனாள். "அண்டைக்கு உன்னைப் பேசினது பிழை, பிள்ளை. என்ரை வீட்டிலும் இதுதான் நடந்தது" என்று ஐயா கூறினார். அதன் பின்னர் பேச்சு முழுவதும் அம்மாவினுடையது. வெறுவயிற்றிற் கொடுத்தால் மாத்திரை வயிற்றைப் பிசையும், சோறு ஊட்டிய பின்பே கொடுக்க வேண்டுமென்று அம்மா விளக்கினார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, மண்சுவரிலே பதினான்கு கோடுகள் கீறினார். நாளொன்றுக்கு ஒரு கோட்டைப் பிள்ளையே வெட்டவேண்டுமென்று சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் குசினிச் சுவரிலும் பதினான்கு கோடுகள் ஏறின. ஐயா ஊட்டும் கடைசித் திரளைக்குப் பின் தம்பி மாத்திரையை விழுங்கி, ஒரு கோட்டை வெட்டுவான். நாளடைவில் அவ்வூரிற் பல வீட்டுச் சுவர்களில் அக்கோடுகளைக் கண்டேன். ஐயா அதற்குப் பிறகு எந்தத் தாயையும் கடிந்து பேசியதில்லை. "சோறு என்னோடை குடுக்கிறாய்?" என்பதே அவருடைய முதற் கேள்வியாயிற்று.

ஓய்வு பெற்றபின் ஐயாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினர். சில ஆண்டுகளில் அம்மாவைப் பாரிசவாதம் பற்றியது. வலக்கை விழுந்து விட்டது. வேலைக்காரரை அமர்த்துவோமென்று நாங்கள் கூறியும் ஐயா இணங்கவில்லை. நாள்தோறும் மும்முறை சோறு குழைத்து ஊட்டினார். அப்போது முதல் திரளை அம்மாவுக்கே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட இரவில், அம்மாவைக் கைவண்டியில் இருத்தித் தள்ளிச் சென்றார். அவ்வண்டியில் அவர் மறவாது வைத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று நுளம்புவலை. அம்மாவை இறுதிவரை பேணி, அவருக்குப் பின் ஈராண்டு கழித்து, 2003ஆம் ஆண்டில் ஐயாவும் கண் மூடினார்.

இலங்கையில் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா 2012ஆம் ஆண்டு ஒக்டோபருடன் ஓய்ந்தது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அன்றிரவு தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, ஐயா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டான்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஐயா மகிழ்ந்திருப்பார், ஐயமில்லை. ஆனால் அடுத்த கணமே, "இரத்தம் பார்க்கிறதை நிப்பாட்டிப் போடேல்லைத்தானே?" என்று கேட்டிருப்பார். அதையே தம்பிக்குச் சொன்னேன். அவன் சிரித்தான், பின்பு அவன் குரல் தழுதழுத்தது. பிற நாடுகளிலிருந்து வருவோருடன் அந்நோய் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பரிசோதனையும் நிற்கவில்லை.

காய்ச்சல் விட்ட பின்னும் கொடுக்க வேண்டிய மாத்திரைகள்தாம் கடினமானவை. ஐயா அவற்றை ஊருக்கும் கொடுத்தார், வீட்டுக்கும் கொடுத்தார். இப்போது என் பேரப்பிள்ளைகள் இரவில் என்னைச் சுற்றி அமர்கின்றனர். எனக்கும் கை சற்று நடுங்குகிறது. ஆயினும் சோற்றை நானே குழைக்கின்றேன்.